எந்தப் புள்ளியில் தொடங்குகிறது ஒரு நிறுவனம்?

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. இந்திய வங்கிகள் தங்கள் இணைய முகவரியை ‘பேங்க்.இன்’ என்று முடியும்படி மாற்றிக்கொள்ள வேண்டும். வங்கி அல்லாத எவருக்கும் அந்தப் பெயர் கிடைக்காது. பதிவு செய்து தரும் அதிகாரம் ஐதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு மட்டுமே. கெடு 2025 அக்டோபர் 31. முகவரியின் வாலைப் பார்த்தே இது உண்மையான வங்கிதானா என்று வாடிக்கையாளர் தெரிந்துகொள்ளலாம் என்பது எண்ணம்.

மனிதர் தெரிந்துகொள்வார். மின்னஞ்சலை வாங்கும் சர்வர் எப்படித் தெரிந்துகொள்ளும்? ‘அறிவிப்பு.அஆ.பேங்க்.இன்’ என்ற முகவரியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அஆ’ என்பது நம் வசதிக்காக ஒரு கற்பனை வங்கி. இந்தப் பெயரில் நான்கு துண்டுகள் இருக்கின்றன. நிறுவனம் என்பது ‘அஆ.பேங்க்.இன்’ என்று நமக்கு உடனே தெரிகிறது, ரிசர்வ் வங்கியின் அறிவிப்பைப் படித்திருக்கிறோம் என்பதால். சர்வர் அதைப் படிக்கவில்லை. ‘அறிவிப்பு.விற்பனை.கடை.இன்’ என்ற இன்னொரு பெயரும் அதன் கண்ணுக்கு இதே அச்சுதான். ஆனால் அங்கே நிறுவனம் ‘கடை.இன்’, ‘விற்பனை’ அதன் உள்பிரிவு. ஒரே வடிவம் கொண்ட இரண்டு பெயர்களில் நிறுவனத்தின் எல்லை இரண்டு வேறு புள்ளிகளில் விழுகிறது.

பார்க்கச் சின்னக் கேள்விதான். இருபது ஆண்டுகளாக மின்னஞ்சல் பொறியாளர்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘நிறுவன டொமைன்’ எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு காலத்திலும் ஒரு வழி வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் முறிந்தது. ஏன் முறிந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒரே கேள்வி போலக் கேட்டதில் கோளாறு பாதி இருப்பது புலப்படும்.

முதலில் அடிப்படை. டொமைன் பெயர்களின் ஏற்பாடான டிஎன்எஸ்ஸை 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்தார். பெயர்கள் ஒரு மரமாகக் கிளைக்கும். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கிளையையும் நடத்தும் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். ஒரு பெயரின் விவரத்தை எந்தச் சர்வரிடம் கேட்பது என்பதை இந்த ஏற்பாடு மிகத் துல்லியமாகச் சொல்லும். அந்தப் பெயர் யாருடையது, பக்கத்துப் பெயரும் அவருடையதுதானா என்பதைச் சொல்லாது. சொல்ல வேண்டிய தேவை அன்று எழவும் இல்லை. நிர்வாகம் கைமாறும் இடத்தை ‘மண்டல எல்லை’ என்பார்கள். அதையே நிறுவன எல்லையாக எடுத்துக்கொண்டால் என்ன என்று பலருக்கும் தோன்றியதுண்டு. ஆனால் ஒரே பல்கலைக்கழகம் தன் துறைகளுக்குத் தனித்தனி மண்டலங்கள் வைத்திருக்கும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஆயிரம் வாடிக்கையாளர்களை ஒரே மண்டலத்தில் வைத்து ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் பராமரிக்கும். கேபிள் எங்கே பிரிகிறது என்பதும் சொத்து எங்கே பிரிகிறது என்பதும் வேறுவேறு.

இனி மின்னஞ்சல். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிகளில் அனுப்புநர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு கிடையாது. யாரும் யார் பெயரிலும் எழுதலாம். மேலும், தபாலில் உறைமேல் ஒரு முகவரியும் உள்ளே கடிதத்தலைப்பில் வேறொரு முகவரியும் இருக்கலாம் அல்லவா, மின்னஞ்சலிலும் அப்படித்தான். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது உறைமேல் முகவரியை வைத்து. நம் திரையில் தெரிவது உள்ளே இருக்கும் ‘ஃப்ரம்’ வரி. 2006இல் ஆர்எஃப்சி 4408 என்ற எண்ணிட்ட இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்த எஸ்பிஎஃப், உறைமேல் முகவரியின் டொமைன் இந்தச் சர்வருக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்க்கிறது. அடுத்த ஆண்டு வந்த டிகிம், கடிதத்தில் ஒரு டொமைனின் மறைகுறிக் கையெழுத்தைப் போடுகிறது. இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் தாம் உறுதிசெய்த டொமைன்தான் வாசகர் பார்க்கும் ‘ஃப்ரம்’ வரியிலும் இருக்கிறதா என்று இரண்டுமே பார்ப்பதில்லை. திருடன் தன் சொந்த டொமைனில் எஸ்பிஎஃப் சரியாக வைத்து, தன் சொந்த டிகிம் கையெழுத்தும் போட்டு, ‘ஃப்ரம்’ வரியில் உங்கள் வங்கியின் பெயரை எழுதி அனுப்பலாம். இரண்டு சோதனையிலும் தேர்ச்சி பெறுவான்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் டிமார்க் வந்தது. கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ, பேபால் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து 2012 ஜனவரியில் அறிவித்து, 2015 மார்ச்சில் ஆர்எஃப்சி 7489 ஆக வெளியானது. அது செய்வது இரண்டு வேலை. எஸ்பிஎஃப்போ டிகிமோ உறுதிசெய்த டொமைனும் ‘ஃப்ரம்’ வரியில் உள்ள டொமைனும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது ஒன்று. பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று டொமைன் உரிமையாளர் டிஎன்எஸ்ஸில் எழுதிவைத்த கொள்கையைத் தேடி எடுப்பது மற்றொன்று. ஒன்றும் செய்ய வேண்டாம், ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு என்று கொள்கை மூன்று வகைப்படும்.

‘பொருந்துவது’ என்றால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்குப் பாதி வேலை குறைந்திருக்கும். நடைமுறை அப்படி இல்லை. திரும்பிவரும் கடிதங்களை வாங்க ‘பவுன்ஸ்.கடை.இன்’ என்று தனி முகவரி வைப்பார்கள். விளம்பர அஞ்சலை அனுப்ப வெளி நிறுவனத்துக்கு ‘செய்தி.கடை.இன்’ என்று ஒரு கிளைப்பெயரைக் கொடுப்பார்கள். வாசகருக்குத் தெரிவது ‘கடை.இன்’ மட்டுமே. இவர்களை அலைக்கழிக்காமல் இருக்கத் தளர்ந்த பொருத்தம் என்பதை இயல்புநிலையாக வைத்தார்கள். இரண்டு பெயர்களின் நிறுவன டொமைன் ஒன்றாக இருந்தால் போதும், பொருந்தியதாகக் கொள்ளலாம். கொள்கையைத் தேடுவதிலும் இதே கருத்தைப் பயன்படுத்தினார்கள். ‘ஃப்ரம்’ டொமைனில் கொள்கை இல்லையென்றால் நிறுவன டொமைனில் போய்க் கேள். திருடன் ‘பரிசு.கடை.இன்’ என்று இல்லாத பெயரைக் கட்டிவிட்டாலும் ‘கடை.இன்’ வைத்த கொள்கை அவனைப் பிடிக்க வேண்டும் அல்லவா.

நான் மேலே சொன்ன சிக்கலில் இங்கேதான் முடிச்சு விழுகிறது. ‘யாருடைய கொள்கை செல்லும்?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்த இரண்டு பெயர்களும் ஒரே ஆளா?’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் பிசகினால் கடிதம் தவறுதலாகத் தடுக்கப்படும், அல்லது ஒரு பாதுகாப்பு கைநழுவும். இரண்டாவதில் எல்லையைத் தேவைக்கு மேல் உயரத்தில் வைத்துவிட்டால் வேற்றாள் வீட்டுக்காரனாகிவிடுவான். போலிக் கடிதம் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையோடு உள்ளே வரும். விளைவுகள் இவ்வளவு வேறுபட்டிருந்தும் இரண்டுக்கும் ஒரே விடையைத் தேடினார்கள்.

அந்த விடையைத் தேடும் வேலை மின்னஞ்சலுக்கு முன்பே உலாவிகளில் தொடங்கிவிட்டது. 1994இல் நெட்ஸ்கேப் குக்கி என்பதைக் கொண்டுவந்தபோது, ஒரு தளம் வைத்த குக்கியை எந்தெந்தக் கிளைப்பெயர்கள் படிக்கலாம் என்ற கேள்வி எழுந்தது. அவர்கள் புள்ளிகளை எண்ணினார்கள். ‘காம்’, ‘ஆர்க்’ போன்ற ஏழு முடிவுகளுக்கு இரண்டு புள்ளி, மற்றவற்றுக்கு மூன்று புள்ளி குறைந்தபட்சம் வேண்டும் என்றொரு விதி. அமெரிக்காவில் உட்கார்ந்து உலகத்தை எண்ணியதால் வந்த வினை. ஜெர்மனியில் மக்கள் நாட்டு முடிவுக்கு அடுத்த துண்டிலேயே நேரடியாகப் பெயர் வாங்குகிறார்கள். பிரிட்டனில் வெகுகாலம் ‘கோ.யுகே’ போன்றவற்றின் கீழ்தான் வாங்க முடிந்தது. இந்தியா இரண்டு காலத்தையும் பார்த்தது. 2005 ஜனவரி வரை பொதுமக்களுக்கு ‘கோ.இன்’ முதலிய பிரிவுகளின் கீழேதான் பெயர்; அதன்பின் ‘கடை.இன்’ என்றே வாங்கலாம். இன்று இரண்டு வகையும் அருகருகே கிடக்கின்றன. புள்ளியை எண்ணி எதையும் சொல்ல முடியாது.

எண்ணிப் பயனில்லை என்றால் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியதுதான். எந்தெந்த முடிவுகளின் கீழ் பொதுமக்கள் பெயர் பதிவு செய்ய முடியும் என்று மொசில்லா ஒரு பட்டியல் தொகுக்கத் தொடங்கியது. அதுதான் இன்றைய பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட், பொதுப் பின்னொட்டுப் பட்டியல். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட சாதாரண உரைக்கோப்பு. ‘இன்’ ஒரு வரி, ‘கோ.இன்’ ஒரு வரி, ‘ஏசி.இன்’, ‘கவ்.இன்’, ‘நிக்.இன்’ என்று தனித்தனி வரிகள். இலங்கைக்கு ‘ஏசி.எல்கே’, ‘எஸ்சிஎச்.எல்கே’ போன்றவை. தமிழ் எழுத்திலேயே அமைந்த ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ ஆகிய மூன்று முடிவுகளும் அதில் உண்டு. ஒரு தொழில்நுட்பக் கோப்பில் அவற்றைத் தமிழாகவே பார்ப்பது எனக்குச் சின்ன மகிழ்ச்சி. விதிவிலக்குகளும் இருக்கின்றன. ஜப்பானின் கவாசாகி நகர முடிவின் கீழ் வரும் எந்தப் பெயரும் பின்னொட்டே, ‘சிட்டி.கவாசாகி.ஜேபி’ மட்டும் பின்னொட்டு அல்ல, ஏனென்றால் அது நகராட்சி. இப்படிப்பட்ட உள்ளூர் வழக்கங்களை எந்தக் கணக்கு விதியும் கண்டுபிடித்திருக்காது.

பட்டியல் கையில் இருந்தால் வேலை எளிது. பெயரின் வலப்பக்கத்தில் பொருந்தும் மிக நீளமான பின்னொட்டைக் கண்டுபிடி, அதற்கு இடப்பக்கம் ஒரு துண்டைச் சேர், அதுவே நிறுவன டொமைன். சென்னை ஐஐடி மாணவர் முகவரிகள் ‘ஸ்மெயில்.ஐஐடிஎம்.ஏசி.இன்’ என்று முடியும், பின்னொட்டு ‘ஏசி.இன்’, நிறுவனம் ‘ஐஐடிஎம்.ஏசி.இன்’. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ‘யூனிவ்.ஜேஎஃப்என்.ஏசி.எல்கே’ என்ற முகவரிக்கு ‘ஜேஎஃப்என்.ஏசி.எல்கே’. ஆர்எஃப்சி 7489 இந்த முறையைத்தான் கைக்கொண்டது. ஏதாவது ஒரு பொதுப் பின்னொட்டுப் பட்டியலை வைத்துக்கொள் என்றது; எந்தப் பட்டியல், எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று கட்டாயப்படுத்தவில்லை. இதைவிட நல்ல வழி கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற தொனியும் அதில் இருந்தது. எழுதியவர்களுக்கே அது இடைக்கால ஏற்பாடு என்று தெரிந்திருக்கிறது.

பட்டியலின் குறைகள் பல. அவற்றில் தொழில்நுட்பக் குறைகளைவிட மனிதக் குறைகள்தான் சுவாரசியம். அதைப் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். உலகின் எல்லா உலாவிகளும் பெரும்பாலான மின்னஞ்சல் சர்வர்களும் சார்ந்திருக்கும் ஒரு கோப்பு ஒருசிலரின் ஓய்வு நேரத்தில் ஓடுகிறது. அதில் இடம்பிடிக்க வேறு காரணங்களுக்காகவும் ஆட்கள் வருகிறார்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், ஒரு பதிவுப் பெயருக்கு வாரத்துக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது; தன் டொமைன் பட்டியலில் பின்னொட்டாக ஏறிவிட்டால் அதன் கிளைகள் ஒவ்வொன்றும் தனிக்கணக்கு. அந்த வரம்பைத் தாண்டவே பலர் விண்ணப்பித்தார்கள். குக்கிக்காகவும் சான்றிதழுக்காகவும் செய்த மாற்றம் மின்னஞ்சலில் என்ன செய்யும் என்று விண்ணப்பித்தவரும் யோசிப்பதில்லை, வரி சேர்ப்பவருக்கும் அவகாசமில்லை. பட்டியலில் பதிவகங்களின் பகுதி ஒன்று, தனியார் பகுதி ஒன்று என இரண்டு உண்டு. ‘கிட்ஹப்.ஐஓ’ போன்றவை இரண்டாவதில் வரும். மின்னஞ்சலுக்கு இரண்டாவது பகுதியையும் எடுக்க வேண்டுமா? டிமார்க் சொல்லவில்லை. ஒரு மென்பொருள் எடுக்கும், இன்னொன்று எடுக்காது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை: அனுப்புபவருக்கு எதுவும் தெரியாது. பெறும் சர்வர் எந்த ஆண்டுப் பட்டியலை வைத்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. ஒரே கடிதம் ஓரிடத்தில் பொருந்தும், இன்னோரிடத்தில் பொருந்தாது. பேங்க்.இன் கதையை இதில் வைத்துப் பாருங்கள். புதிய வரி ஏறாத பழைய பட்டியல் ஒன்றை வைத்திருக்கும் சர்வருக்கு ‘அறிவிப்பு.அஆ.பேங்க்.இன்’ என்ற பெயரின் நிறுவன டொமைன் ‘பேங்க்.இன்’ ஆகிவிடும். எல்லா வங்கிகளும் ஒரே நிறுவனம். இதில் ஆள்மாறாட்ட ஆபத்து அவ்வளவு இல்லை, ஏனெனில் அந்த முடிவின் கீழ் வங்கிகளைத் தவிர யாரும் நுழைய முடியாது. ஆனால் ‘அஆ’ வங்கி தன் பெயரில் ‘திருப்பி அனுப்பு’ என்று கடுமையான கொள்கை வைத்திருந்தும், சர்வர் அதைப் பார்க்காமல் தாண்டி ‘பேங்க்.இன்’னிடம் போய்க் கேட்கும். இல்லாத கிளைப்பெயரில் வந்த போலி அந்த இடைவெளியில் நுழையும். யாரும் நுழையக்கூடிய ஒரு முடிவு பட்டியலில் விடுபட்டிருந்தால் நிலைமை தலைகீழ்: திருடன் அதே முடிவின் கீழ் ஒரு பெயரை வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டாலே பக்கத்துக் கடையாகக் காட்சி தரலாம். முன்பு சொன்ன இரண்டு கேள்விகளும் எப்படித் தனித்தனியாகப் பிசகும் என்பதற்கு இந்த இரண்டும் உதாரணம்.

அரசாங்கப் பெயர்களைப் பார்த்தால் இன்னும் குழப்பம். பட்டியலில் ‘கவ்.இன்’ பின்னொட்டு. எனவே தமிழ்நாடு அரசின் ‘டிஎன்.கவ்.இன்’ ஒரு நிறுவனம். அதன் கீழே கிளைப்பெயர் வைத்திருக்கும் எல்லாத் துறைகளும் அஞ்சல் சர்வருக்கு ஒரே ஆள். ஆனால் ரேஷன் கடைகளுக்கான ‘டிஎன்பிடிஎஸ்.கவ்.இன்’, பத்திரப் பதிவுக்கான ‘டிஎன்ரெஜிநெட்.கவ்.இன்’, தேர்வாணையத்தின் ‘டிஎன்பிஎஸ்சி.கவ்.இன்’ ஆகியவை ‘கவ்.இன்’னுக்கு நேர் கீழே இருப்பதால் மூன்றும் மூன்று அந்நியர்கள். எது ஒரே நிர்வாகம், எது தனி என்று அரசாங்கம் யோசித்துச் செய்த பிரிவல்ல இது. யார் எப்போது எந்தப் பெயரை வாங்கினார்கள் என்பதன் எச்சம்.

பின்னொட்டே கடிதம் எழுதினால்? மத்திய அரசு அதிகாரிகளின் முகவரிகள் நெடுநாளாக நேரடியாக ‘நிக்.இன்’, ‘கவ்.இன்’ என்றே முடிகின்றன. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல்கள் சென்னையின் ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறியதாக 2025இல் செய்திகள் வந்தன. தளம் மாறியதே தவிர முகவரி முடிவு மாறவில்லை. பொதுப் பின்னொட்டாகவும் அஞ்சல் அனுப்பும் நிறுவனமாகவும் ஒரே பெயர் இருக்கும் இந்த இரட்டை வேடத்தைப் பட்டியல் முறை எதிர்பார்க்கவில்லை. ‘ஃப்ரம்’ வரியில் ‘கவ்.இன்’ என்றும் கையெழுத்தில் ‘மெயில்.கவ்.இன்’ என்றும் இருந்தால், ஒரே அரசாங்கம் அனுப்பிய கடிதமாக இருந்தாலும் பொருந்தாது.

இதற்கு டிஎன்எஸ்ஸுக்குள்ளேயே ஒரு பொதுத் தீர்வு காணலாம் என்று இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2015இல் டிபவுண்ட் என்ற பணிக்குழுவை அமைத்தது. எல்லைகளை உரிமையாளர்களே எழுதிவைக்க வேண்டும், பட்டியலை நம்பக்கூடாது என்பது அதன் நோக்கம். யோசனைகளுக்குக் குறைவில்லை. ஆனால் உலாவிக்காரர்களுக்கு வேண்டியது ஒன்று, சான்றிதழ்காரர்களுக்கு ஒன்று, அஞ்சல்காரர்களுக்கு இன்னொன்று. குக்கிக்கு ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் விடை உடனே வேண்டும், டிஎன்எஸ்ஸில் போய்க் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அஞ்சலுக்கு அந்த அவசரம் இல்லை, சில நொடிகள் காத்திருக்கலாம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் செய்யப்போய், எந்த ஆவணமும் வெளியிடாமல் குழு கலைந்தது. எனக்கென்னவோ அதைத் தோல்வி என்று சொல்லத் தோன்றவில்லை. ‘எல்லை’ என்று எல்லோரும் சொன்னது ஒரே பொருள் அல்ல என்பதை அந்தக் குழு கலைந்தே நிரூபித்தது.

அதற்குள் வேறு ஒரு பக்கத்திலிருந்து நெருக்கடி வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2017 அக்டோபரில் பிறப்பித்த 18-01 என்ற உத்தரவு, மத்திய அரசு அமைப்புகள் ஓராண்டுக்குள் ‘திருப்பி அனுப்பு’ என்ற டிமார்க் கொள்கைக்கு வர வேண்டும் என்றது. இருக்கும் பெயர்களைக் காப்பாற்றிவிடலாம். பதிவே செய்யப்படாத பெயர்? வரித்துறையின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அதே அரசு முடிவோடு ஒரு பெயரைத் திருடன் கற்பனை செய்தால், அதற்கு நிறுவன டொமைனும் அந்தக் கற்பனைப் பெயரே. அங்கே கொள்கை எதுவும் இருக்காது. மேலே இருக்கும் பின்னொட்டைக் கேட்பதற்கு விதியில் இடமில்லை. வங்கிகளுக்கென்றே இருக்கும் ‘.பேங்க்’ போன்ற முடிவுகளுக்கும் இதே ஆதங்கம். 2021இல் வந்த ஆர்எஃப்சி 9091 ஒரு பரிசோதனையாக மூன்றாவது கேள்வியை அனுமதித்தது: பெயரில் இல்லை, நிறுவனத்தில் இல்லை, பின்னொட்டிடம் கேள். இல்லாத பெயர்களுக்கென்று ‘என்பி’ என்ற தனிக் குறியையும் சேர்த்தது. எந்தப் பின்னொட்டுகளிடம் கேட்கலாம் என்பதற்கு? மறுபடியும் ஒரு பட்டியல்தான் வேண்டியிருந்தது.

ஐஇடிஎஃப்பின் டிமார்க் பணிக்குழு, ‘டிமார்க்பிஸ்’ என்று அழைக்கப்படும் திருத்தப் பதிப்பில் பட்டியலையே கைவிட முடிவு செய்தது. பதிலுக்கு வந்தது மரமேறுதல். பெயரை எடுத்துக்கொள், அதற்கு டிமார்க் பதிவு இருக்கிறதா என்று கேள், இடப்பக்கத் துண்டு ஒன்றை வெட்டிவிட்டு மறுபடி கேள், வேர்வரை போ. புதிய யோசனை அல்ல. எந்தச் சான்றிதழ் நிறுவனம் தனக்குச் சான்றிதழ் தரலாம் என்று டொமைன்காரர் எழுதிவைக்கும் சிஏஏ பதிவை 2013 முதலே இப்படி ஏறித்தான் தேடுகிறார்கள். மின்னஞ்சலில் மட்டும் பலர் அஞ்சினார்கள். நூறு துண்டுகள் கொண்ட பெயரை ஒரு விஷமி அனுப்பினால் நூறு கேள்வி போகுமே என்று. அதற்காகத்தான் உச்சவரம்பு. முழுப் பெயரை ஒருமுறை கேட்டபின், துண்டுகள் எட்டோ அதற்கு மேலோ இருந்தால் நேராக ஏழு துண்டுக்குத் தாவிவிட வேண்டும். ஆக எட்டுக் கேள்விக்கு மேல் போகாது. மேல்நிலைப் பெயர்களின் விடைகள் பெரும்பாலும் தற்காலிக நினைவில் கிடக்கும் என்பதால் உண்மைச் செலவு இதைவிடக் குறைவு.

ஏறும் வழியில் கிடைத்த பதிவுகளில் எது நிறுவனம்? அதற்கு ‘பிஎஸ்டி’ என்ற குறி. ஒரு பதிவு ‘பிஎஸ்டி=என்’ என்று சொன்னால், ‘நான்தான் நிறுவனம், இதற்கு மேல் போகாதே’ என்று பொருள். ‘பிஎஸ்டி=ஒய்’ என்றால் ‘நான் பின்னொட்டு, எனக்கு ஒரு படி கீழே இருப்பதுதான் நிறுவனம்’. எந்தக் குறியும் இல்லாவிட்டால், கிடைத்தவற்றில் மிகக் குறைந்த துண்டுகள் கொண்ட பெயர். பேங்க்.இன் கதையை இதில் ஓட்டினால் அழகாக வருகிறது. ‘அஆ.பேங்க்.இன்’ பதிவு வைத்திருக்கிறது, மேலே ‘பேங்க்.இன்’ வைக்கவில்லை என்றால் ‘அஆ.பேங்க்.இன்’தான் நிறுவனம். எந்தத் தன்னார்வலரும் எங்கேயும் ஒரு வரி சேர்க்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி அறிவித்த அன்றே வேலை செய்திருக்கும்.

இந்த மாற்றத்தின் உள்ளடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லை எங்கே என்பதை மூன்றாம் மனிதர் ஊகிப்பதற்குப் பதில் வீட்டுக்காரரே சொல்கிறார். சென்னை ஐஐடி போன்ற ஒரு நிறுவனம் தன் மாணவர் முகவரிகளை ஆசிரியர் முகவரிகளிலிருந்து பிரித்து வைக்க விரும்பினால், மாணவர் டொமைனில் ‘பிஎஸ்டி=என்’ என்று ஒரு பதிவு போதும். பட்டியல் முறையில் அதை அவர்களே இப்படி எழுதிவைக்க வழி கிடையாது.

ஆனால் சொல்லும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு வந்ததும், சொல்லத் தவறும் ஆபத்தும் அவருக்கே வருகிறது. மிகப் பெரிய பொறி அந்த ‘மிகக் குறைந்த துண்டுகள்’ விதியில் இருக்கிறது. ‘கவ்.இன்’ முகவரியிலிருந்து அதிகாரிகளின் கடிதம் போகிறது. அந்தப் பெயருக்கு டிமார்க் பதிவு வேண்டும். அந்தப் பதிவில் பிஎஸ்டி குறியை யாரோ எழுத மறந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரமேறும் சர்வருக்கு அப்போது இந்தியாவின் அத்தனை அரசுத் துறைகளும் ஒரே நிறுவனம். ஏதோ ஒரு மூலையில் இருக்கும் சிறு அலுவலகத்தின் கிளை டொமைன் தவறான கையில் சிக்கினால், அங்கிருந்து போட்ட கையெழுத்து எந்தத் துறையின் ‘ஃப்ரம்’ வரியோடும் தளர்ந்த முறையில் பொருந்திவிடும். ‘பிஎஸ்டி=ஒய்’ என்று எழுதினால் அந்த ஆபத்து போய்விடும்; ஆனால் ‘மெயில்.கவ்.இன்’ என்ற பெயர் தனி நிறுவனமாகிவிடும் என்பதால், ‘கவ்.இன்’ கடிதங்களுக்கு ‘கவ்.இன்’ என்றே கையெழுத்திட வேண்டும். இரட்டை வேடம் போடும் பெயர்களுக்குச் சும்மா இருக்கும் சௌகரியம் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி. ஒரு நிறுவனம் தன் உச்சிப் பெயரில் பதிவு எதுவும் வைக்காமல், ‘விற்பனை’, ‘சேவை’ என்று இரண்டு கிளைகளில் மட்டும் வைத்திருக்கிறது. பட்டியல் முறையில் இரண்டும் ஒரே நிறுவனம். ஒன்றின் கையெழுத்து மற்றதற்குச் செல்லும். மரமேறும் முறையில் இரண்டும் இரண்டு நிறுவனம். நேற்றுவரை போய்ச் சேர்ந்த கடிதம், பெறும் சர்வர் தன் மென்பொருளைப் புதுப்பித்த நாளில் நின்றுபோகும். அனுப்பியவர் தன் பக்கம் எதையும் தொட்டிருக்க மாட்டார். பெருமளவில் கடிதம் அனுப்புவோர் டிமார்க் பதிவும் பொருத்தமும் வைத்தே ஆக வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலும், மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்திலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தபிறகு, இது பெரிய வங்கிகளின் கவலை மட்டுமல்ல. பள்ளிக் கட்டணம், மருத்துவமனை முன்பதிவு, ஜவுளிக்கடைத் தள்ளுபடி எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் போகின்றன.

எந்த முறையும் தொடாத பகுதிகளையும் சொல்ல வேண்டும். ஒரே கம்பெனி ‘காம்’ முடிவில் ஒன்றும் ‘இன்’ முடிவில் ஒன்றும் வைத்திருந்தால் அவற்றின் உறவை மரம் சொல்லாது. மரத்தில் அவை வேறு வேறு கிளை. எழுத்தை மாற்றிப் பதிவு செய்த போலிப் பெயர்கள் தங்கள் அளவில் முறையான நிறுவனங்களே. அவற்றின் டிமார்க் பதிவு பெரும்பாலும் அசலைவிட ஒழுங்காக இருக்கும். நிறுவன எல்லையைக் கண்டுபிடிப்பது, அந்த நிறுவனம் யோக்கியமானதா என்று சொல்வதாகாது.

பட்டியல் அழியவும் போவதில்லை. உலாவிகளுக்கு அது வேண்டும். மின்னஞ்சலிலும் சில பெரிய சர்வர்கள் மரமேறும், சில சிறிய சர்வர்கள் பழைய கோப்பைப் புரட்டும். இரண்டு விடையும் பல ஆண்டு உடனிருக்கும். இந்த இடைக்காலத்தில் ஒரு நிறுவனம் செய்யக்கூடியவை சிலவே. தன் உச்சிப் பெயரில் பதிவு வைப்பது; தேவைப்பட்டால் அதில் ‘பிஎஸ்டி=என்’ சேர்ப்பது, அதைப் புரிந்துகொள்ளாத பழைய சர்வர்கள் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும்; பணம், அடையாளம் சம்பந்தப்பட்ட கடிதங்களை அனுப்பும் பெயர்களுக்குத் தளர்ந்த பொருத்தத்தைக் கைவிட்டுக் கண்டிப்பான பொருத்தத்துக்குப் போவது. கடைசியாகச் சொன்னதில் நிறுவன டொமைன் என்ற கேள்வியே பொருத்தத்தில் எழாது, பட்டியலும் மரமும் ஒரே விடையைத் தரும். அதற்கு விலை உண்டு: வெளி நிறுவனங்கள் வழியாகப் போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ‘ஃப்ரம்’ வரியில் இருக்கும் அதே பெயரில் கையெழுத்துப் போட ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்கான சாவிகளை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி வைக்க வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தையைத் தவிர்க்கத்தான் 2012இல் தளர்ந்த பொருத்தத்தை இயல்புநிலை ஆக்கினார்கள்.